மழை ஓய்ந்த மறுநாள் பார்த்த வண்டி

இங்கிலாந்தில் பழைய மோட்டார்ஹோம் வாங்க நினைப்பவர்கள் வெயில் நாளில் வண்டி பார்க்கப் போகக் கூடாது. இரண்டு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போக வேண்டும். ஏப்ரல் மாத வெயிலில், புல்தரையில் நிறுத்தி, ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துக் காட்டப்படும் வண்டியில் ஒளிந்துகொள்ளும் குறைகள் ஜனவரி ஈரத்தில் தாமாகவே வெளியே வந்துவிடும். ஜனவரியில் வாங்க வருபவர்களும் குறைவு. விற்பவருக்கோ, ஓடாமல் நிற்கும் வண்டிக்குக் காப்பீடும் வரியும் கட்டிக்கொண்டிருக்கும் சலிப்பு சேர்ந்திருக்கும். நாங்கள் 2024 ஜனவரியில் லிங்கன்ஷயரில் ஒரு வண்டியைப் பார்த்து, பேசி, வாங்கிய விதத்தை நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதிவைக்கிறேன்.

ஊரில் 'கேரவன்' என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. வாங்கிய செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது மதுரையிலிருந்து என் அத்தை, "யாருக்கு வாடகைக்கு விடப் போகிறாய்?" என்றுதான் முதலில் கேட்டார். இங்கே கேரவன் என்பது காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்வது. தனக்கென எஞ்சினும் ஓட்டுநர் இருக்கையும் உள்ளது மோட்டார்ஹோம். அதிலும் நாங்கள் தேடிய வகை, ஒரு நிறுவனம் செய்த சரக்கு வேனின் முன்பகுதியையும் அடிச்சட்டத்தையும் வாங்கி, அதன்மேல் இன்னொரு நிறுவனம் வீட்டைக் கட்டி விற்பது. பிரிட்டனில் ஓடும் இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றின் முன்பகுதி ஃபியட் டுகாட்டோவாகவோ அதன் இரட்டைப் பிறவியான பூஷோ பாக்ஸராகவோ இருக்கும். இரண்டும் இத்தாலியின் அட்டெஸாவில் ஒரே ஆலையில் உருவானவை. ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: ஒன்று லாரிக்கு அண்ணன் தம்பி முறையான ஒரு வேன்; மற்றொன்று மெல்லிய பலகையாலும் பசையாலும் ஆன ஒரு குட்டி வீடு. வேனின் எந்தக் குறைக்கும் ஒரு கட்டணம் இருக்கிறது, கட்டிவிட்டால் தீர்ந்தது. வீட்டின் குறை அப்படித் தீர்வதில்லை என்பதை நாங்கள் முதலில் பார்த்த வண்டியே சொல்லிக்கொடுத்தது.

அந்த முதல் வண்டி கென்ட் பகுதியில் ஒரு வியாபாரியிடம் நின்றது. 2010-ஆம் ஆண்டு மாடல். நவம்பர் மாதம். உள்ளே ஏறியதும் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு வாசனை மூக்கைத் துளைத்தது. என் மனைவி இருக்கையில் அமர்வதற்கு முன்பே, "இவ்வளவு வாசனை எதற்கு?" என்று தமிழில் கேட்டுவிட்டாள். கையில் இருந்த இருபது பவுண்டு ஈரமானியைப் பின்பக்க ஜன்னலின் கீழ் மூலையில் வைத்தோம். 28 என்று காட்டியது. பொதுவாக 15 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டிய அளவு. அதற்கு மேல் போனால் எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே வருகிறது என்று பொருள். 30-ஐத் தாண்டினால் உள்ளிருக்கும் மரச்சட்டமே உளுத்துக்கொண்டிருக்கலாம். கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தினேன். சுவர் லேசாக உள்வாங்கித் திரும்பி வந்தது. வெளியே ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, கூரையும் பின்சுவரும் சேரும் விளிம்பில் மட்டும் புத்தம்புது வெள்ளைப் பசை பூசியிருந்தது. பதின்மூன்று வயது வண்டியில் ஓர் ஓரம் மட்டும் புதிதாக மின்னினால், அது பராமரிப்பாகவும் இருக்கலாம், மறைப்பாகவும் இருக்கலாம். ரசீது கேட்டோம், இல்லை என்றார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய பகை என்றால், அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் சுவர் என்பது வெளியே மெல்லிய அலுமினியம் அல்லது கண்ணாடியிழைத் தகடு, நடுவே நுரையும் மரச்சட்டமும், உள்ளே சில மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகை. இவை சேரும் இடங்களையெல்லாம் காப்பது ஒரு கோடு பசைதான். வண்டி ஓடும்போது உடம்பு முறுக்கிக்கொள்ளும். ஆண்டுகள் போகப்போகப் பசை காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பில் இறங்கும் தண்ணீர் வெளியே தெரியாமல் சட்டத்தைத் தின்னும். சுவரில் கறை தெரிகிற நாளில் உள்ளே வேலை முடிந்திருக்கும். சுவரைப் பிரித்துச் சட்டம் மாற்றும் செலவு ஆயிரங்களில் போகும். எவ்வளவு ஆயிரம் என்பது பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரியும். எனவே நானும் மனைவியும் அன்று இரவு ஒரு முடிவுக்கு வந்தோம்: ஈரத்துக்கு விலை பேசுவதில்லை, திரும்பி வந்துவிடுவது. மற்ற எல்லாவற்றுக்கும் விலை பேசலாம்.

லிங்கன்ஷயர் வண்டி தனியார் விற்பனை. எழுபதைக் கடந்த ஒரு தம்பதியர், வண்டி புதிதாக இருந்தபோதே வாங்கி வைத்திருந்தவர்கள். 2013 செப்டம்பரில் பதிவானது, டுகாட்டோ, 2.3 லிட்டர் டீசல். 31,400 மைல் ஓடியது. கேட்ட விலை 36,500 பவுண்டு. தனியாரிடம் வாங்குவதில் ஓர் அபாயம் உண்டு. வியாபாரியிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் துணைக்கு வரும். பெரிய குறை தெரிந்தால் முதல் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கவும் வழியுண்டு. தனியாரிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை. விற்பவர் பொய் சொல்லாதவரை, பார்க்காமல் விட்டது வாங்கியவர் தலையில். அந்த அபாயத்துக்கு ஈடாகத்தான் விலை குறைகிறது.

கிளம்புவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. வண்டியின் பதிவு எண்ணை அரசின் இணையதளத்தில் தட்டினால், எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாறு முழுவதும் கட்டணமில்லாமல் கிடைக்கும்: ஒவ்வோர் ஆண்டும் ஓடிய மைல், தேறியதா, சோதனையாளர் எச்சரித்துக் குறித்தவை என்ன என்று. எங்கள் வண்டியில் இரண்டு ஆண்டாகத் தொடர்ந்து 'டயர் ஓரங்களில் வெடிப்பு' என்று எழுதியிருந்தது. 2020-க்கும் 2021-க்கும் இடையே வண்டி இருநூற்றுச் சொச்சம் மைல்தான் ஓடியிருந்தது. கொரோனா ஆண்டு, அதில் வியப்பில்லை. ஆனால் குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்று நம் ஆட்கள் நினைப்பது மோட்டார்ஹோமுக்குப் பொருந்தாது. நின்றே கிடந்த வண்டியில் பிரேக் துருப்பிடிக்கும், பேட்டரி சாகும், டயர் ஓடாமலே கிழடாகும். இன்னும் இருபது பவுண்டு கட்டி, வண்டியின் மேல் கடன் பாக்கி ஏதும் இருக்கிறதா, திருட்டு வண்டியா, விபத்தில் கழிக்கப்பட்டதா என்பதையும் பார்த்துவிட்டோம். விற்பவருக்கு முதல் நாள் மாலை தொலைபேசியில் இரண்டு வேண்டுகோள்: இரவே ஃபிரிட்ஜை மின்சாரத்தில் ஓடவிடுங்கள், காலையில் எஞ்சினைத் தொடாதீர்கள். மின்சாரத்திலும் எரிவாயுவிலும் ஓடும் இந்த ஃபிரிட்ஜ்கள் குளிர்வதற்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எஞ்சினோ, குளிர்ந்த நிலையில் முதல் முறை எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் தன் உடல்நிலையைச் சொல்லும்.

போய் இறங்கியதும் முதல் வேலையாகப் பானட்டின் மேல் கையை வைத்தேன். சில்லென்றிருந்தது. மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார் என்பதே ஒரு நல்ல தொடக்கம்.

ஈரமானியோடு ஒன்றரை மணி நேரம் செலவிட்டோம். ஜன்னல் மூலைகள், கூரை ஜன்னல்களின் ஓரம், மேல் அலமாரிகளின் உட்புறம், இருக்கைப் பெட்டிகளுக்கு அடியில் சக்கர வளைவு, பின்விளக்குகளுக்கு நேர் உட்புறம், குளியலறை, நிழலுக்காக வண்டியின் பக்கத்தில் விரிக்கும் வெளிக்கூடாரத்தின் சட்டம் திருகப்பட்ட சுவரின் மேல்விளிம்பு என்று தண்ணீர் நுழையக்கூடிய இடங்களை ஒன்று விடாமல் தொட்டோம். ஊசியுள்ள மானியாக இருந்தால் கண்ணில் படும் இடத்தில் குத்தக் கூடாது. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு அலமாரிக்குள் மறைவான இடத்தில் குத்துவதே மரியாதை. ஆணியோ கம்பியோ பக்கத்தில் இருந்தால் எண் பொய்யாக ஏறும் என்பதால் ஓரிடத்தில் எண் உயர்ந்தால் நான்கு விரல் தள்ளி மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் 11, 12, 13. குளியலறை ஜன்னலின் கீழ் மட்டும் 18. இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்து, 2019-இல் கூரை ஜன்னலுக்குப் புதிதாகப் பசை போட்ட ரசீதையும், அதற்குப் பின் எடுத்த ஈரச்சோதனை அறிக்கைகளையும் காட்டினார். அவற்றில் அதே மூலை 17 என்றும் 18 என்றும் இருந்தது. நான்கு ஆண்டாக அசையாத எண் அது. அந்தக் கோப்பு எனக்குத் தந்த நிம்மதியை எந்தப் பேச்சும் தந்திருக்காது. 2021-க்குப் பிறகு அறிக்கை இல்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

இதற்கிடையே என் மனைவி வேறொரு சோதனை நடத்திக்கொண்டிருந்தாள். காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தரை முழுவதும் மெல்ல நடந்து, எங்காவது தரை பதுங்குகிறதா, கிறீச்சிடுகிறதா என்று பார்த்தாள். தரைப்பலகையின் அடுக்குகள் பிரிந்திருந்தால் பாதம்தான் முதலில் அறியும். கட்டிலில் படுத்துப் பார்த்தாள். சோறு வடிக்கும் குக்கர் அடுப்பின் மேல் நிற்குமா என்று கையால் அளந்தாள். இருக்கைகளில் பெல்ட்டை எண்ணினாள். இது சிரிப்பதற்குரியது அல்ல: நால்வர் படுக்கலாம் என்று விளம்பரம் செய்யப்படும் பழைய வண்டிகள் பலவற்றில் பெல்ட்டோடு பயணிக்க இருவருக்குத்தான் இடம் இருக்கும். எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் பெல்ட் இருந்தது.

பிறகு வீட்டின் உறுப்புகள். அவர் குளிர்காலத்துக்காகத் தண்ணீர்த் தொட்டியை வடித்து வைத்திருந்தார், சரியான பழக்கம்தான். என்றாலும் இருபது லிட்டர் ஊற்றச் சொல்லிப் பம்பை ஓட்டினோம். கொதிகலன் சூடானது, கசிவில்லை. அதுதான் விலை உயர்ந்த உறுப்பு. உள்ளே தண்ணீர் உறைந்து வெடித்திருந்தால் அங்கேயே ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும். ஆனால் குளியல் குழாயின் அடியில் ஒரு கீற்று வெடித்து நீர் முத்துமுத்தாகக் கோத்தது. ஏதோ ஒரு குளிர்காலத்தில் அந்தக் குழாயில் மட்டும் தண்ணீர் தங்கியிருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் மின்சாரத்தில் நன்றாகக் குளிர்ந்திருந்தது. எரிவாயுவில் மாற்றியபோது டிக் டிக்கென்று பொறி தட்டியதே தவிரத் தீ பிடிக்கவில்லை. புகைக்குழாயிலிருந்து துரு உதிர்ந்து எரிமுனையை மூடிக்கொள்வது இவற்றில் சாதாரணம். சுத்தம் செய்தால் சரியாகும். கரண்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு எல்லா விளக்குகளையும் பம்பையும் அரை மணி நேரம் ஓடவிட்டதில், 12.7 வோல்ட் காட்டிக்கொண்டிருந்த வீட்டுப் பேட்டரி 11.6-க்குச் சரிந்தது. சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டை நம்பியிருந்தால் பேட்டரி செத்துக்கொண்டிருப்பது தெரிந்திருக்காது.

வேன் பக்கம் நான் நீட்டப் போவதில்லை. பானட்டைத் திறந்து கண்ணாடிக்குக் கீழேயுள்ள வடிகாலைப் பார்த்தேன்; 2006-இல் வந்த தலைமுறை டுகாட்டோக்களில் அங்கிருந்து மழைநீர் எஞ்சினின் மேலே சொட்டி இன்ஜெக்டர்களைத் துருவேற்றும் என்பது பரவலாக அறிந்த விஷயம். காய்ந்திருந்தது. அதே தலைமுறையின் ஆரம்ப வண்டிகளில் ரிவர்ஸ் கியரில் மேட்டில் ஏற்றினால் உடம்பே குலுங்கும் என்ற புகாரும் உண்டு. 2013 வண்டிக்கு அது இராது என்று நினைத்தாலும் ஒரு சரிவில் பின்னோக்கி ஏற்றிப் பார்த்துவிட்டேன். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது கோப்பில் இல்லை. மைல் குறைவு என்றாலும் ரப்பருக்கு வயது கணக்கு. பத்து ஆண்டு ஓடிவிட்டது, அறுந்தால் எஞ்சின் போய்விடும். டயர்களின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. நான்கிலும் 2313. அதாவது 2013-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தவை, வண்டியோடு வந்தவை. மாட்டுக்குப் பல் எப்படியோ, டயருக்கு அந்த நான்கு எண்கள் அப்படி. மேல்தடம் முக்கால்வாசி மிச்சமிருந்ததைக் காட்டி, "இன்னும் பத்தாயிரம் மைல் ஓடும்" என்றார் அவர். எம்.ஓ.டி. தாளில் வெடிப்பு என்று இரண்டு முறை எழுதியிருந்ததை நான் காட்டியதும் அமைதியானார்.

எடையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், பலர் இதில் ஏமாறுகிறார்கள். 1997-க்கு முன் இங்கே கார் உரிமம் பெற்றவர்கள் 7.5 டன் வரை ஓட்டலாம். எங்களைப் போலப் பின்னால் வந்தவர்களுக்கு 3.5 டன்னே எல்லை. வண்டியின் உச்ச எடையும் 3,500 கிலோ. வெறும் வண்டியின் எடையாகக் கையேட்டில் ஓர் எண் இருக்கும். அதை நம்பக் கூடாது, ஏனென்றால் வெளிக்கூடாரம், சைக்கிள் தாங்கி, சூரியத் தகடு என்று பிறகு ஏறியவை எதுவும் அதில் கிடையாது. ஓட்டிப் பார்க்கும் சாக்கில் பக்கத்து ஊர் எடைமேடைக்கு வண்டியை விட்டோம். அவரும் நானும் உள்ளே, அரைத் தொட்டி டீசல், தண்ணீர் இல்லை: 3,180 கிலோ. அவரை இறக்கிவிட்டு, என் மனைவி மக்களை ஏற்றி, தண்ணீரையும் டீசலையும் நிரப்பினால், துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு, நாற்காலி எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ 120 கிலோ மிச்சம். தண்ணீரைப் பாதியாக வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். நம் வீட்டுப் பெண்கள் ஊறுகாய்ப் பாட்டிலைக் கண்ணாடியில் எடுத்துவருவதை மட்டும் தடுக்க வேண்டும். (இந்த வரியைப் படித்துவிட்டு என் மனைவி, கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துவருவது தன் மாமியாரின் மகன்தான் என்று திருத்தச் சொன்னாள்.)

மதியம் அவர்கள் வீட்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்தோம். என் தாத்தா மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போகும்போது சிறுவனாக நானும் இரண்டு முறை கூடப் போயிருக்கிறேன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்தைய அரை மணி நேரம்: மாட்டை நடக்கவிட்டு, வாயைத் திறந்து, குளம்பைத் தட்டி அவர் சொல்லும் குறைகள் எல்லாம் பக்கத்தில் நிற்பவனும் பார்த்துத் தலையாட்டக்கூடியவையாக இருக்கும். தம் வண்டியில் பூட்டியிருக்கும் மற்ற மாட்டுக்கு இது உயரம் போதாது என்பதை அவர் வாயைவிட்டுச் சொன்னதே இல்லை.

அது எவ்வளவு பெரிய பாடம் என்பது அன்று நான் செய்த தவற்றில்தான் புரிந்தது. முதல் வாதமாக நான் எடுத்துவைத்தது, யூலெஸ் எனப்படும் லண்டனின் புகைக் கட்டணம். லண்டனில் யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் குறைந்த டீசல் வண்டிகள் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது. நாங்கள் குடியிருக்கும் ஹவுன்ஸ்லோவும் அதற்குள். 2013 வண்டி யூரோ 5. வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பினால் வாசலைத் தாண்டியதற்கே 25 பவுண்டு. இதைச் சொல்லி ஆயிரம் பவுண்டு குறைக்கக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, ஜன்னல் வழியாகத் தெரிந்த வயலைப் பார்த்தபடி, "நாளை பார்க்க வருபவர் நார்ஃபோக்கிலிருந்து வருகிறார், அவருக்கு லண்டனில் வேலையில்லையே" என்றார். பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எடை விஷயமும் அப்படித்தான்: பிள்ளையில்லாத இருவருக்கு அந்த வண்டியில் தாராளமாக இடமிருக்கிறது. எனக்கு மட்டும் உள்ள குறை நான் வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கலாம், விலையைத் தீர்மானிக்காது. அடுத்து வருகிறவரும் கண்டுபிடிக்கப்போகிற குறைதான் விற்பவரை அசைக்கும், ஏனென்றால் என்னை அனுப்பிவிட்டாலும் அது அவர் வாசலிலேயே நிற்கும்.

நோட்டைத் திறந்து, அந்த இரண்டையும் கோடு போட்டு அடித்துவிட்டு, மீதியைக் காட்டினேன். டயர் நான்குக்கு 520. டைமிங் பெல்ட்டும் அதோடு தண்ணீர்ப் பம்பும் 560. வீட்டுப் பேட்டரி 120. ஃபிரிட்ஜ் சுத்தம் 120. குளியல் குழாய் 90. இரண்டு ஆண்டாகச் செய்யாத வீட்டுப்பகுதிச் சர்வீஸ் 250. ஆக 1,660. டயர், பெல்ட் இரண்டின் விலையும் அதே வட்டாரத்துப் பட்டறையில் நான் முந்தைய நாள் கேட்டுவைத்தவை. லண்டன் விலையைச் சொல்லியிருந்தால் அதையும் கழித்திருப்பார். 33,500 தருவதாகச் சொன்னேன். பட்டியலைக் கண்ணாடி போட்டுப் படித்தார். பத்து வயது வண்டியில் பெல்ட் தேய்வதற்கு எல்லாம் தாம் பொறுப்பாக முடியாது என்றார். பொறுப்பு என்று நான் சொல்லவில்லை, யார் வாங்கினாலும் முதல் வாரத்திலேயே செய்யப்போகிற செலவு என்றுதான் சொல்கிறேன் என்றேன். அவருடைய மனைவி இரண்டாவது முறை தேநீர் ஊற்றினார். 35,500 என்றார் அவர். நான் பேசாமல் இருந்தேன். தந்திரமாக அல்ல, உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் உச்சவரம்பு 35,000 என்று காரில் வரும்போதே பேசி வைத்திருந்தோம். நான் அதைத் தாண்டப் போனால் மனைவி தன் கோப்பையைக் கவிழ்த்து வைப்பது என்பதும் ஏற்பாடு. கோப்பை நிமிர்ந்தே இருந்தது.

கடைசியில் 34,500-க்கு முடிந்தது. எண்ணைச் சொன்ன கையோடு, கொசுறாக எதைத் தருவீர்கள் என்று கேட்கும் நம் பழக்கத்தை விட முடியவில்லை; சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சாய்கட்டைகள், மின்கம்பி, நிறைந்த எரிவாயுச் சிலிண்டர், கூரையோரம் சுருட்டி மாட்டியிருந்த வெளிக்கூடாரம் எல்லாம் வண்டியோடு வரும் என்றார். கூடாரத்தை மனத்துக்குள் நானூறு பவுண்டு என்று மதிப்பிட்டு மகிழ்ந்தேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தோம்: 500 பவுண்டு முன்பணம், அந்த வட்டாரத்திலேயே உள்ள ஒரு பொறியாளர் எங்கள் செலவில் ஈரத்தையும் எரிவாயுவையும் சோதித்துத் தரும் அறிக்கையில் எங்காவது 20-ஐத் தாண்டினால் முன்பணம் திரும்ப வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அவர் தயங்காமல் கையெழுத்திட்டதையும் நான் ஒரு சோதனையாகத்தான் கருதினேன். அறிக்கை ஒன்பது நாளில் வந்தது: குளியலறை மூலை 18, மற்றவை 15-க்குள்.

பணம் கொடுத்தது அவர்கள் வீட்டில்தான். வி5சி எனப்படும் பதிவுத்தாளில் உள்ள முகவரி நாம் நிற்கும் வீடாக இருக்க வேண்டும், அடிச்சட்டத்தில் பொறித்த எண் தாளோடு ஒத்துப்போக வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்திலோ கடை வாசலிலோ கைமாற்றலாம் என்று யாராவது அழைத்தால் போகவே கூடாது. அந்தத் தாள்கூட யார் பெயரில் பதிவு என்பதைத்தான் சொல்கிறது, யார் உரிமையாளர் என்பதற்குச் சான்றாகாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அதனால்தான் அவர் புதிதாக வாங்கியபோது பெற்ற ரசீதையும் கேட்டுப் பார்த்தேன். வங்கி மாற்றம் போய்ச் சேர்ந்ததை அவர் கைபேசியில் காட்டியதும், பதிவுப் பெயர் மாற்றத்தை அங்கேயே இணையத்தில் பதிந்தோம். பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரி வண்டியோடு வராது என்பதால், பதிவுத்தாளில் வாங்குபவருக்கென உள்ள பச்சைச் சீட்டின் எண்ணை வைத்து வரியையும் கட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன். யூலெஸ்ஸுக்கு விடையாக வண்டியை லண்டன் எல்லைக்கு வெளியே, ஸ்லவ் பக்கம் ஒரு காவலுள்ள நிறுத்துமிடத்தில் விட்டிருக்கிறோம். ஆண்டுக்கு 780 பவுண்டு. ஏழு மீட்டர் நீள வண்டியை எங்கள் வாசலில் எப்படியும் நிறுத்தியிருக்க முடியாது.

பட்டியலில் இருந்த வேலைகள் எல்லாம் மார்ச் மாதத்துக்குள் முடிந்தன. செலவு 1,715 பவுண்டு ஆனது, ஐம்பத்தைந்து கூட. முதல் பயணமாக ஏப்ரலில் வேல்ஸ் கடற்கரைக்குப் போனோம். மாலை வெயில் இதமாக இருக்கவே, கொசுறாக வந்த கூடாரத்தைப் பிரிக்கலாம் என்று கைப்பிடியைச் சுழற்றினேன். இரண்டடி வந்ததும் பூஞ்சை வாசம் அடித்தது. மூன்றாவது அடியில் துணி ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டி வைத்தது எந்த ஆண்டோ தெரியவில்லை. ஜனவரியில் காற்றும் ஈரமுமாக இருந்ததால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. துணி மட்டும் மாற்றுவதற்கு 310 பவுண்டு ஆனது.